ஆன்லைன் கேம் பண்ண வேலையை விடலாமா? பேராவூரணி மொய்ப் பந்தல்ல போட்ட ஒரு கணக்கு

இந்தக் கணக்கை வீடியோல அவசர அவசரமா சொல்லிட்டுப் போயிட்டேன். "அண்ணா, நிதானமா எழுதிப் போடுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2025 ஆகஸ்ட் ரெண்டாவது வாரம், ஆடி மாசக் கடைசி. பேராவூரணில சித்தப்பா வீட்டு மொய் விருந்து. ஊர்ப்பக்கம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: பேராவூரணி தஞ்சாவூர் மாவட்டத்தோட தெற்குக் கோடி. கல்லணைக் கால்வாய்க்குக் கடைமடை. நெல்லும் உண்டு, ஆனா குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்கிறது தென்னை. ஆடி வந்துட்டா இந்தப் பக்கமும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் மொய் விருந்து களைகட்டும். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வர்ற சனம் மொய் எழுதிட்டுப் போகும். செலவு குறையணும்னு நாலஞ்சு குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல்ல நடத்துவாங்க. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு.

நான் சித்தப்பா மேசையில பேர் வாசிக்கிற வேலையில இருந்தேன். பக்கத்துல சித்தப்பா பையன், என் தம்பி. சென்னையில ஒரு ஐடி கம்பெனில மூணு வருஷமா வேலை. கையில வர்றது மாசம் 42,000. மதியம் கூட்டம் கொஞ்சம் அடங்குனப்ப காதுல சொன்னான்: "அண்ணே, நானும் என் ரூம்மேட் ரெண்டு பேரும் ஒரு மல்ட்டிபிளேயர் கேம் பண்ணிட்டிருக்கோம். வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். இன்னிக்கு வர்ற மொய்ல அப்பாகிட்ட மூணு லட்சம் கேக்கணும். நீங்கதான் பேசணும்."

எடுத்தவுடனே திட்டத் தோணுச்சு. ஆனா அவன் ஐடியாவைக் கேட்டப்புறம் திட்ட முடியல.

அவன் பண்றது 304. நம்ம ஊர்லயும் யாழ்ப்பாணத்துலயும் திண்ணைக்குத் திண்ணை ஆடுன சீட்டாட்டம். நாலு பேர், ரெண்டு கட்சி. ஜாக்கிக்கு 30, ஒம்போதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. ஆட்டத்தோட பேரே அதோட கணக்குதான். டொராண்டோ, லண்டன்ல இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரங்களும் ஆடுவாங்க. "பெரிய கம்பெனி எவனும் இதுக்குள்ள வரமாட்டான்ணே, நமக்குன்னு இருக்கிற கூட்டம்"னான். நியாயமான பேச்சு.

"சரி, நைட்டு கேமைக் காட்டு"ன்னேன். காட்டினான். நல்லாவே பண்ணியிருந்தாங்க. சீட்டு விழுற சத்தம்கூட கச்சிதம். அங்கதான் அவன்கிட்ட ஒண்ணு சொன்னேன்: "தம்பி, நீ இதுவரைக்கும் பண்ணியிருக்கிறது சீட்டுக்கட்டு. மல்ட்டிபிளேயர் கேம்ங்கிறது நாம காலைலேர்ந்து உட்கார்ந்திருந்த பந்தல்."

இதைக் கொஞ்சம் விளக்குறேன். ஏன்னா, கேம் பண்ணணும்னு நினைக்கிற பாதிப் பேர் தடுக்கி விழுற இடம் இதுதான்.

தனியா ஆடுற கேமை முடிச்சு வெளியிட்டா, பெரும்பாலான வேலை முடிஞ்சது. டொராண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல் 'வெண்பா'ன்னு ஒண்ணு போட்டாங்களே, தமிழ்க் குடும்பம், சமையல், இட்லி எல்லாம் வருமே? மறு வருஷம் பாஃப்டா விருதே வாங்குச்சு. அதை ஒருத்தர் நடுராத்திரி ரெண்டு மணிக்கு ஆடுனாலும் பண்ணுனவங்க நிம்மதியாத் தூங்கலாம். மல்ட்டிபிளேயர் அப்படி இல்ல. ரெண்டு மணிக்கு நாலு பேர் ஆடிட்டிருந்தா சர்வர் ஓடணும். ஒருத்தன் கெட்ட வார்த்தை பேசினா யாராவது பார்க்கணும். வெளியீட்டு நாள்லதான் வேலையே ஆரம்பிக்குது.

14 பேர் கணக்கு

தம்பி போட்டிருந்த இலக்கு, முதல் ஆறு மாசத்துல தினமும் ஆயிரம் பேர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒருத்தர் ஒரு நாளைக்கு 20 நிமிஷம் ஆடுறார்னு வைங்க. 1,000 × 20 = 20,000 நிமிஷம். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். வகுத்தா 13.9. அதாவது, சராசரியா ஒரு நேரத்துல உள்ள இருக்கிறது 14 பேர். மூணு மேசை ஓடும், ரெண்டு பேர் ஆள் வருமான்னு காத்திருப்பாங்க. மதியம் மூணு மணிக்கு அந்த 14 பேரும் இருக்கமாட்டாங்க. புதுசா ஒருத்தர் டவுன்லோட் பண்ணி வருவார், அரை நிமிஷம் சக்கரம் சுத்தும், அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடுவார்.

இதைத்தான் கேம்காரங்க மேட்ச்மேக்கிங் பிரச்சினைன்னு சொல்வாங்க. பெரிய கம்பெனிகளையே இது கவுத்திருக்கு. சோனி 2024 ஆகஸ்ட் 23-ல் 'கன்கார்ட்'னு ஒரு மல்ட்டிபிளேயர் கேம் விட்டது. வருஷக்கணக்குல உழைச்சது. ஆட ஆள் வரல. செப்டம்பர் 6-ம் தேதி சர்வரை அணைச்சு, வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. ரெண்டே வாரம்.

ஆள் சேர்றதுக்கு என்ன வழி? ஆடி மாசத்தைப் பாருங்க. மொய் விருந்தை வருஷம் பூரா நடத்துனா எவன் வருவான்? குறிப்பிட்ட சீசன், குறிப்பிட்ட நாள், பத்திரிகை அடிச்சு, பேனர் வச்சு, மொத்த சனத்தையும் ஒரே நேரத்துல ஒரே இடத்துக்குக் கொண்டு வந்துடுறாங்க. அதே ஆயிரம் பேரை ராத்திரி 9 மணியிலிருந்து 10.30 வரைக்கும் மட்டும் வரச் சொன்னா? 20,000-ஐ 90-ஆல வகுங்க. 222 பேர். 55 மேசை. உள்ள வந்தவுடனே ஆட்டம். "நாள் பூரா திறந்திருக்க வேண்டாம்டா, தினம் ஒன்றரை மணி நேரம் பந்தல் போடு"ன்னேன். தம்பி ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் போன்ல எதையோ குறிச்சுக்கிட்டான்.

யார் எந்திரிச்சுப் போறது?

அடுத்த விஷயம் நடத்தை. மொய்ல ஐயாயிரம் செஞ்சவருக்கு அவர் விருந்து வைக்கும்போது அந்த ஐயாயிரத்தைத் திருப்பணும், முடிஞ்சா மேல கொஞ்சம் போட்டு. திருப்புறது பழைய நடை, மேல போடுறது புது நடை. ஒரு குடும்பம் சுமார் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் விருந்து வைக்கும். வாங்கிட்டுத் திருப்பலைன்னா கோர்ட்டு கேஸ் கிடையாது. ஊர்ல பேர் கெட்டுப்போகும், அவ்வளவுதான். அதுவே போதுமானதா இருக்கு. 2018 நவம்பர்ல கஜா வந்து தென்னையைப் பூரா சாய்ச்சப்ப, மொய்யைத் திருப்ப முடியாம தவிச்ச குடும்பங்களை எனக்கே தெரியும். அப்பவும் நோட்டைக் கிழிச்சுப் போட்டவங்களை நான் பார்க்கல.

ஆன்லைன்ல அந்த 'பேர்' கிடையாது. 'கிங்_007' பாதி ஆட்டத்துல தோக்குற மாதிரி இருந்தா நெட்டை அணைச்சுட்டுப் போயிடுவான். 304-ல ஒருத்தன் போனா மூணு பேர் ஆட்டம் காலி. அதனால மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டை நீங்களே உருவாக்கணும்: எத்தனை ஆட்டம் முடிச்சான், எத்தனை பாதியில விட்டான்னு பேருக்குப் பக்கத்துல தெரியணும். அடிக்கடி ஓடுறவனுக்கு அடிக்கடி ஓடுறவனையே ஜோடி போடணும். கடைசியில சொன்னதை தம்பி ரொம்ப ரசிச்சான்.

இன்னொரு திருட்டும் இருக்கு. கூட்டாளிகள் ரெண்டு பேரும் வாட்ஸ்அப் கால்ல பேசிக்கிட்டே "என்கிட்ட ஜாக்கி இருக்குடா"ன்னா உங்க கோடிங்கால பிடிக்க முடியாது. சாஃப்ட்வேர்ல பூட்டு போட முடியாத இடத்துல விதியாலதான் பூட்டு போடணும். ரேங்க் ஏறுற மேசையில கூட்டாளியை கம்ப்யூட்டர்தான் தேர்ந்தெடுக்கும். நண்பர்கள் சேர்ந்து ஆடணும்னா ரேங்க் இல்லாத மேசை. டிசைன்னு சொல்றது பாதி இந்த மாதிரி முடிவுகள்தான். பட்டன் கலர் எல்லாம் அப்புறம்.

மதகும் வடிகாலும்

பணம் பத்தின பதிவுல இதைச் சொல்லாம விட முடியாது. ஒவ்வொரு மல்ட்டிபிளேயர் கேமுக்குள்ளயும் ஒரு குட்டிப் பொருளாதாரம் ஓடுது. காயின் உள்ள வர்ற வழி, காயின் வெளிய போற வழி. டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேணாம். மதகு மட்டும் இருந்து வடிகால் இல்லைன்னா பயிர் அழுகிடும்.

தம்பி போட்டிருந்த திட்டத்துல, சேர்ந்தவுடனே 1,000 காயின் இலவசம், தினமும் உள்ள வந்தா 200. ஆயிரம் பேர்னா தினமும் ரெண்டு லட்சம் காயின் புதுசா அச்சடிக்கிறான். வெளிய போற வழி? இல்ல. தோத்தவன் காயின் ஜெயிச்சவனுக்குப் போகுது, மொத்தம் குறையவே இல்ல. மூணு மாசத்துல காயினுக்கு மதிப்பே இருக்காது. மதிப்பில்லாததை எவன் காசு குடுத்து வாங்குவான்?

இது புதுப் பிரச்சினையும் இல்ல. 1986-ல் லூகாஸ்ஃபிலிம் கம்பெனி 'ஹாபிடாட்'னு ஒரு கேமை சோதனை ஓட்டமா விட்டது. பல பேர் ஒரே உலகத்துல படத்தோட நடமாடுன ஆரம்ப காலக் கேம்கள்ல ஒண்ணு. ஒரு இயந்திரத்துல ஒரு பொம்மை 75 டோக்கன். ஊரோட இன்னொரு பக்கம் அடகுக்கடை இயந்திரம் அதே பொம்மையை 100 டோக்கனுக்கு வாங்கிக்கும். நடத்துனவங்க கவனிக்கல. சில பேர் கவனிச்சுட்டாங்க. விடிய விடிய இங்க வாங்கி அங்க வித்து, சேர்ந்த காசுல 18,000-க்கு ஸ்படிகப் பந்து வாங்கி 30,000-க்கு வித்து, மறுநாள் காலைல பார்த்தா மொத்த உலகத்தோட பணமும் ராத்திரியோட ராத்திரியா அஞ்சு மடங்காயிருந்துச்சு. கேட்டதுக்கு, "நாங்க நேர்மையா சம்பாதிச்சது"ன்னு பதில். விதிப்படி அவங்க சொன்னது சரிதானே!

அதனால வடிகால் வேணும். மேசைக் கட்டணம்னு ஒவ்வொரு ஆட்டத்துலயும் கொஞ்சம் காயினை அழிக்கணும். சீட்டுக்குப் பின்பக்க டிசைன், பேருக்கு முன்னாடி ஒரு பட்டம் மாதிரி செலவுக்கு வழி வைக்கணும். அந்த அளவை வாரா வாரம் பார்த்து ஏத்தி இறக்குறதுக்கே ஒரு ஆள் வேலை. இன்னொரு பக்கம், நீங்க கேம் ஆடுறவரா இருந்தா இதையும் தெரிஞ்சுக்கோங்க: "இன்னிக்கு மட்டும் 70% ஆஃபர்"னு உங்க திரையில வர்றது அந்த ஆள் அன்னிக்குத் திறந்த மதகு. தண்ணி வர்றது உங்க சம்பளத்துலேர்ந்து.

தம்பியோட வடிகால் ஐடியா வேற மாதிரி இருந்துச்சு. ஜெயிச்சவங்க காயினை யுபிஐ-ல ரூபாயா எடுத்துக்கலாம், ஒவ்வொரு பந்தயத்துலயும் 10% நமக்கு. "இது சீட்டுக் கிளப்டா"ன்னேன். தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரிலேயே காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம்களுக்கு நள்ளிரவு 12-லிருந்து காலை 5 வரைக்கும் தடை, ஆதார் சரிபார்ப்புன்னு விதிகள் வந்தாச்சு. ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஆன்லைன் ரம்மியில கடனாளியான குடும்பங்களை நம்ம மாநிலம் நிறையவே பார்த்திருக்கு. "நீ அதுல இன்னொண்ணு திறக்காத"ன்னேன். அவன் முகம் சுண்டிப்போச்சு. "பெரிய கம்பெனி எல்லாம் பண்றானுவளேண்ணே"ன்னான்.

பந்தல் பிரிச்சுப் பத்து நாள் ஆகியிருக்கும். ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் ஜனாதிபதி ஒப்புதல்னு மத்திய அரசோட ஆன்லைன் கேமிங் சட்டம் வந்துடுச்சு. திரும்பப் பணம் வரும்னு எதிர்பார்த்துக் காசு கட்டி ஆடுற எந்தக் கேமும் நடத்தக் கூடாது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம்னு வித்தியாசம் கிடையாது. நடத்துனா மூணு வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். தம்பி சொன்ன பெரிய கம்பெனிகளே அந்த வாரத்துல காசு ஆட்டங்களை நிறுத்திடுச்சு. சட்டம் விட்டு வச்சிருக்கிறது ஈ-ஸ்போர்ட்ஸும் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுற கேம்களும். பொழுதுபோக்குக் கேமுக்குச் சந்தா வாங்கலாம், ஒரு தடவைக் கட்டணம் வாங்கலாம். அது பந்தயப் பணமா இருக்கக் கூடாது. தம்பி வேலையை விட்டுட்டு அந்த 10%-ஐ நம்பி உட்கார்ந்திருந்தா, ஒரே வாரத்துல வருமானத் திட்டம் மொத்தமும் போயிருக்கும்.

இப்ப அவன் பாக்கெட்டுக்கு வருவோம்

சட்டத்துக்குள்ள இருந்து பண்ணா என்ன கிடைக்கும்? மாசம் 10,000 பேர் ஆடுறாங்கன்னே வைங்க. நூத்துக்கு ரெண்டு பேர் 50 ரூபா செலவு பண்றாங்க. 200 × 50 = 10,000 ரூபா. பிளே ஸ்டோர் கமிஷன் 15% (வருஷத்துக்கு முதல் பத்து லட்சம் டாலர் வருமானம் வரைக்கும் அந்த விகிதம்). மிச்சம் 8,500. சர்வருக்கு ஒரு 4,000 போட்டா 4,500. மூணு பங்காளிக்குப் பிரிச்சா ஆளுக்கு 1,500. வரிக் கணக்கை விட்டுட்டே இவ்வளவுதான். தம்பி மாசா மாசம் பிரியாணி ஆர்டர் பண்றதே அதுக்கு மேல!

எதிர்ப்பக்கமும் சொல்லணும். 'அமாங் அஸ்' 2018-ல் மூணு பேர் சேர்ந்து பண்ண கேம். ரெண்டு வருஷம் ஏறக்குறைய யாருமே கண்டுக்கல. 2020-ல் உலகமே ஆடுச்சு. 2016-ல் வந்த நம்ம 'லூடோ கிங்'கும் அப்படித்தான், லாக்டவுன்ல எகிறுச்சு. ஆனா ரெண்டு பேரும் வருஷக்கணக்குல தாக்குப் பிடிச்சிருந்தாங்க. நல்ல நேரம் வர்றப்ப ஆள் களத்துல இருக்கணும்ல?

தம்பி எத்தனை மாசம் தாக்குப் பிடிப்பான்? சேமிப்பு 2,60,000. ரூம், சாப்பாடு, போன், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சேர்த்து மாசம் 26,000. "பத்து மாசம் ஓடும்ணே"ன்னான். அவசர நிதின்னு ஆறு மாசத்துக்கு 1,56,000-ஐத் தொடாம எடுத்து வச்சா மிச்சம் 1,04,000. நாலே மாசம். கம்பெனியை விட்டா குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸும் போயிடும், அதுக்கு பிரீமியம் தனி. பிஎஃப்-ஐ எடுக்கலாமான்னு கேட்டான். தொடர்ந்து அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா அதுக்கு வரி உண்டு, அவனுக்கு மூணு வருஷம்தான் ஆகுது.

கடைசியா அந்த மூணு லட்சம். ராத்திரி எண்ணி முடிச்சப்ப சித்தப்பா மேசையில 11 லட்சம் சொச்சம். தம்பி கண்ணுல அது 11 லட்சம். நான் நோட்டைத் திறந்து ரெண்டாப் பிரிச்சேன். 6 லட்சம் பழைய நடை: நாம முன்னாடி ஊருக்குச் செஞ்சது திரும்பி வந்தது, நம்ம காசு. மீதி 5 லட்சம் புது நடை: ஊர் நமக்குக் குடுத்த வட்டியில்லாக் கடன். அடுத்த அஞ்சு வருஷத்துல ஒவ்வொரு ஆடியிலயும் ஒவ்வொரு பந்தலா போய்த் திருப்பியாகணும், வருஷத்துக்குச் சராசரி ஒரு லட்சம். நம்ம காசு 6 லட்சத்துல விருந்துச் செலவு 1,80,000 போச்சு. மிச்சம் 4,20,000. அதுல சித்தப்பா போர் மோட்டார் மாத்தணும், கஜாவுக்கு அப்புறம் தென்னங்கன்னு வைக்க வாங்குன கடன்ல பாக்கி ரெண்டரை லட்சம் அடைக்கணும். அதுக்கப்புறம் மூணு லட்சம் எங்கேருந்து வரும்? புது நடையிலேர்ந்துதான். அப்படி எடுத்துட்டா, அடுத்த ஆடிக்குச் சித்தி நகை பேங்குக்குப் போகும்.

நான் சித்தப்பாகிட்ட பேசவே இல்ல. தம்பியும் கேக்கல. அன்னிக்கு ராத்திரி திண்ணையில ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

நான் சொன்ன மாற்று வழி சாதாரணமானதுதான். வேலையில இரு. முதல்ல ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளி வேலை பத்தியும் நீ எழுதுற கோடு யாருக்குச் சொந்தம்ங்கிறது பத்தியும் என்ன போட்டிருக்குன்னு படி. 2022-ல் விப்ரோ, போட்டிக் கம்பெனிக்கும் சேர்த்து வேலை பார்த்தாங்கன்னு 300 பேரை அனுப்பினது ஞாபகம் இருக்கட்டும். கம்பெனி லேப்டாப்ல ஒரு வரிகூட எழுதாத. பங்காளிங்க மூணு பேரும் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருத்தன் விலகினா என்னன்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காசு வந்தப்புறம் எழுதுனா சண்டைதான் வரும். ஆளுக்கு மாசம் 3,000 போட்டு தனியா ஒரு அக்கவுண்ட். அந்தக் காசு தீர்ந்தா அந்த மாசத்துக்குக் கடை மூடல். எஸ்ஐபி-ஐ நிறுத்திட்டு இதுல போடக் கூடாது.

ரெண்டு பங்காளில ஒருத்தன் இந்த "பந்தல் நேரம்" ஐடியா பிடிக்காம விலகிட்டான். மிச்ச ரெண்டு பேர் தொடர்ந்தாங்க. காயினை ரூபாயா மாத்துற பகுதியை மொத்தமா எடுத்தாச்சு. பிளே ஸ்டோர்ல தனிநபர் பேர்ல புதுக் கணக்கு ஆரம்பிக்க ஒரு தடவை 25 டாலர் கட்டணும். கேமைப் பொதுவா வெளியிடுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில இருக்கணும்னு விதி. அந்தப் 12 பேரை அவன் சென்னையில தேடல. சித்தப்பா, மாமா, டொராண்டோல இருக்கிற ரூம்மேட்டோட அத்தை, மொய் மேசையில பணம் எண்ணுன பசங்கன்னு பேராவூரணிலேயே பாதி பேரைப் பிடிச்சுட்டான். தினமும் ராத்திரி 9-லிருந்து 10.30.

நாலாவது நாள் ராத்திரி சித்தப்பா எனக்கு போன் பண்ணார். "ஏம்ப்பா, இந்த ஆட்டத்துல என் கூட்டாளி துருப்பு போடுற நேரத்துல எந்திரிச்சுப் போயிட்டான். யாருன்னு பார்த்து நோட்டுல எழுதி வைக்கச் சொல்லு தம்பியை."